அண்ணாச்சியின் வலப்பக்கம்

எட்டு வருடமாக நமசிவாயம் அண்ணாச்சியின் வலது பாதி என்னுடையது. இடது பாதி முகம்மது சலீம் பாயுடையது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துப் பிழைப்பவனுக்கு நிலையாக ஓர் உடம்பு கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத் தெரியாது. மற்றவர்கள் வருவார்கள், ஐந்தருவிப் பாதையில் கல்லின் மேல் குப்புறப் படுப்பார்கள், குளித்துவிட்டுச் சாத்தூருக்கோ மதுரைக்கோ வண்டி ஏறிவிடுவார்கள். அடுத்த வருடம் எதிரே வந்தால் எனக்கு அவர்கள் முகம் தெரியாது. சட்டையைக் கழற்றினால் ஒருவேளை தெரியும்.

அண்ணாச்சி அப்படியில்லை. வீரகேரளம்புதூரில் இரண்டு அரிசி மில்லையும் மகன்களிடம் விட்டுவிட்டு, சாரல் தொடங்கியதும் வந்து ஐந்தருவி பக்கம் அறை எடுப்பார். சீசன் முடிகிற வரை நகர மாட்டார். நூற்றிருபத்தெட்டு கிலோ. காலை ஏழரை மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்று, "பரமசிவன் எங்கல?" என்று கேட்பார். இந்த உலகத்தில் என்னைப் பெயர் சொல்லித் தேடி வருகிற உடம்பு அது ஒன்றுதான். எங்கள் வீட்டில் இரண்டு அண்ணன்கள் போலீஸ், தம்பி ராணுவம். நான் எண்ணெய். அதிலும் பெரிய அண்ணன் கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவன் அரை ஆளைத் தேய்க்கிறவன்" என்பான். சோறு இறங்காது.

பங்கு பிரிந்த கதை சின்னதுதான். எட்டு வருடம் முன்பு அண்ணாச்சியின் கார் வந்து நின்றபோது நானும் சலீம் பாயும் ஒரே நேரத்தில் ஓடினோம். நான் வலது கையைப் பிடித்தேன், அவர் இடது கையைப் பிடித்தார். இரண்டு பேரும் விடவில்லை. அண்ணாச்சி கொஞ்ச நேரம் இழுபட்டுப் பார்த்தார். பிறகு "சரி, ரெண்டு பேரும் தேய்ங்கல" என்று படுத்துவிட்டார். அன்று விழுந்த கோடு முதுகெலும்பு வழியாக இன்றுவரை இருக்கிறது. மூக்கு ஆளுக்குப் பாதி. தொப்புள் பொது. தலை மட்டும் திங்கள், புதன், வெள்ளி எனக்கு. செவ்வாய், வியாழன், சனி அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியே தேய்த்துக்கொள்வார். எண்ணெயும் வேறு வேறு. என்னுடையது சுக்கும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். பாயுடையது தேங்காயெண்ணெயில் கற்பூரம் கலந்தது. செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் போய் வாங்கி வருவார். அரபு நாட்டில், தமாமில் பதினோரு வருடம் வேலை பார்த்துத் திரும்பிய மனிதர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், அதிகம் பேச மாட்டார். தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு அது பிடிக்காது. தொழில் செய்கிறவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டாமா?

இந்த வருடம் சீசனுக்கு வந்து இறங்கும்போதே அண்ணாச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். நேராகப் பெட்டிக்கடைக்குப் போக நினைத்தால் இரண்டு கடை தள்ளிப் போய்ச் சேர்ந்தார். தென்காசியில் ஒரு டாக்டர் குனிய வைத்து, நிமிர வைத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ஒரு பக்கம் இளகியும் ஒரு பக்கம் இறுகியும் கிடக்கிறது, இனிமேல் ஒரே ஆள்தான் முழு உடம்பையும் தேய்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். கெட்டுப்போனது எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தால் இப்படித்தான் ஆகும்.

யாரை நிறுத்துவது என்று அண்ணாச்சிக்கு மனசு வரவில்லை. மூன்று நாள் யோசித்து, சீட்டு விளையாடி முடிவு பண்ணுங்கள், ஜெயிக்கிறவனுக்கு முழு உடம்பு என்றார். தோற்றவன் இனி அண்ணாச்சியைத் தொடக் கூடாது.

சீட்டு என்றால் ரம்மி இல்லை, போக்கர். அண்ணாச்சிக்கு அதில் அப்படி ஒரு பித்து. முன்பெல்லாம் போனிலேயே கிடப்பார். காசு வைத்து ஆடும் ஆப்புகளுக்குத் தடை வந்ததும் ஆட்டத்துக்கு ஆள் தேட ஆரம்பித்துவிட்டார். வீரகேரளம்புதூரில் ரம்மிக்கு ஆள் உண்டு, போக்கருக்கு இல்லை. அதனால் கல்லில் படுத்தபடியே எங்கள் இருவருக்கும் கற்றுக்கொடுத்தார். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடியபடி. நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று, ஆக ஐந்து சீட்டு இருவருக்கும் பொதுவாகத் திறந்தபடி. கைச் சீட்டும் நடுச் சீட்டும் சேர்ந்து ஜோடி அமைந்தால் ஒரு பலம்; ஐந்து சீட்டு வரிசையாகவோ ஒரே சின்னமாகவோ அமைந்தால் அதைவிடப் பெரிய பலம். காசுக்குப் பதில் ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. எப்போது வேண்டுமானாலும் கையில் இருப்பது மொத்தத்தையும் நடுவில் தள்ளலாம், தடை கிடையாது. அண்ணாச்சி சீட்டுப் போடுவார், நாங்கள் இருவரும் எதிரெதிரே ஆடுவோம்.

அதில் அவர் எனக்குச் சொன்ன ஒரு விஷயத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. வலது தொடையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"வெறுங்கை வேறல, மேகக் கை வேற. அருவில சொட்டுத் தண்ணி இருக்காது. ஆனா மலைல மேகம் கருகருன்னு நிக்கும். அவன் கைல ஏற்கெனவே ஒரு ஜோடி இருக்கலாம். ஒன் கைல ஒண்ணுமே இருக்காது. ஆனா வந்தா ஜெயிக்க பதினஞ்சு சீட்டு கட்டுக்குள்ள இருக்குன்னா, இன்னும் ரெண்டு சீட்டு வரப்போவுதுன்னா, ஒண்ணும் இல்லாத நீதான் முந்தி நிக்க. அப்ப பம்மக் கூடாது. மொத்தத்தையும் தள்ளிரணும்."

ஏன் காத்திருக்காமல் தள்ள வேண்டும் என்று கேட்டேன். எதிரில் இருப்பது ஒரே ஆள், அவன் பயந்து சீட்டை வைத்துவிட்டால் மேகம் மழையாகாமலேயே ஜெயித்துவிடலாம், பயப்படாவிட்டாலும் பாதிக்கு மேல் வாய்ப்பு நம் பக்கம் என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாற்பத்தொன்பது வயது வரை கையில் ஒன்றும் இல்லாதவன் என்று எல்லோரும் என்னைச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை.

ஆட்டம் வைத்த நாள் ஒரு புதன்கிழமை. காலையில் வழக்கம்போல ஆளுக்குப் பாதி தேய்த்து முடித்தோம். அண்ணாச்சி அருவிக்கு நடந்தால், பாதையில் கயிறு கட்டிப் போலீஸ்காரர்கள் நிற்கிறார்கள். மலையில் ராத்திரி பெய்த மழைக்கு ஐந்து அருவியும் ஒரே அருவியாகக் கொட்டுகிறது, குளிக்கத் தடை. அறையில் குளியலறை இருக்கிறதே என்றால் அவர் ஒப்ப மாட்டார். குற்றாலத்தில் தேய்த்த எண்ணெய் குற்றாலத்து அருவியில்தான் போக வேண்டும், வாளித் தண்ணீரில் போனால் தேய்த்ததே வீண் என்பது அவர் கொள்கை. தலையிலிருந்து கால் வரை எண்ணெய் வழிய, தடை நீங்கும் வரை ஆட்டத்தை முடித்துவிடலாம் என்று அறைக்குத் திரும்பினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்; இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை நிலைத்தார்.

புதுக் கட்டு. எண்ணெய்க் கையோடு சீட்டைத் தொட்டால் அடையாளம் விழும், கள்ளத்தனம் நடக்கும் என்று சலீம் பாய்க்கு என் மேல் சந்தேகம், எனக்கு அவர் மேல் சந்தேகம். ஆகவே இருவரும் சீயக்காய் போட்டு மூன்று முறை கை கழுவினோம். அவருடைய பத்து விரலையும் நான் மோந்து பார்த்தேன். என்னுடைய பத்து விரலையும் அவர் மோந்து பார்த்தார். நகத்தடியைக்கூட விடவில்லை. திருப்தியாக உட்கார்ந்தோம்.

சீட்டுப் போடுகிறவரின் கையை யாரும் பார்க்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் ஆடினோம். ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு அவரிடம் நூறு கொட்டை, என்னிடம் நூறு கொட்டை. ஆரம்பித்த இடத்திலேயே வந்து நின்றோம். சலீம் பாய் நல்ல கை வந்தால் மட்டும் ஆடுகிறவர், மற்ற நேரம் சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருப்பார். நான் எல்லாவற்றுக்கும் ஆடுவேன்.

அப்போது வந்தது அந்தக் கை. எனக்கு ஆட்டின் ஒன்பது, ஆட்டின் பத்து; இரண்டும் சிவப்பு இதயம் போட்ட சீட்டுகள். நடுவில் அண்ணாச்சி மூன்றைத் திறந்தார். ஆட்டின் ஜாக்கி, இஸ்பேட் எட்டு, ஆட்டின் இரண்டு.  எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி வரிசையாக நிற்கின்றன. ஏழோ ராணியோ வந்தால் ஐந்து சீட்டு வரிசை. ஆட்டின் சீட்டுகளும் நான்கு சேர்ந்திருக்கின்றன. இன்னொரு ஆட்டின் வந்தால் ஐந்தும் ஒரே சின்னம். மனசுக்குள் எண்ணினேன். சரியாகப் பதினைந்து. ஆனால் இப்போதைக்கு என் கையில் ஒரு ஜோடிகூட இல்லை.

சலீம் பாய் இருபது கொட்டையை முன்னால் வைத்தார். அவர் வைத்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நான் நூறையும் தள்ளினேன். இரண்டு கையாலும் தள்ளினேன். சில கொட்டைகள் கட்டிலுக்கு அடியில் ஓடின.

பாய் ரொம்ப நேரம் யோசித்தார். வெளியே அருவிச் சத்தம் பஸ் நிலையம் மாதிரி இரைந்தது. கண்ணை மூடினார், தேய்க்கும்போது மூடுவாரே, அதே மாதிரி. பிறகு தன் நூறையும் தள்ளிச் சீட்டைத் திறந்தார். கிளாவர் ஆஸ், இஸ்பேட் ஜாக்கி. நடுவில் இருக்கும் ஜாக்கியோடு சேர்த்தால் ஜாக்கி ஜோடி. நானும் திறந்தேன்.

அண்ணாச்சி வந்த சந்தோஷத்தில் நாற்காலியிலிருந்து பாதி வழுக்கிவிட்டார். சலீமிடம் ஜோடி இருக்கிறது, பரமசிவனிடம் ஒன்றும் இல்லை, ஆனாலும் பரமசிவன்தான் முந்தி நிற்கிறான் என்று எங்களுக்கே எங்கள் ஆட்டத்தை விளக்கினார். நான்காவது சீட்டைத் திறந்தார். கிளாவர் நாலு. ஒன்றுக்கும் உதவாது. இன்னும் ஒரே ஒரு சீட்டு. இப்போது கணக்கு பாய் பக்கம் சாய்ந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். பண்பொழி முருகனிடம் அந்த ஒரு சீட்டைக் கேட்டேன். வேறு எதையும் இவ்வளவு மனசு விட்டு அவரிடம் கேட்டதில்லை.

அண்ணாச்சி கட்டின் மேல் சீட்டை எடுத்துத் திருப்பி வைத்தார். ஆட்டின் ஐந்து.

நான் எழுந்து நின்றுவிட்டேன். முழு உடம்பு. இரண்டு தோள், இரண்டு தொடை, தொப்புள் மொத்தமும் எனக்கு. சலீம் பாய் எழுந்திருக்கவில்லை. குனிந்து அந்தச் சீட்டை ஓரத்தில் தொட்டுப் பார்த்தார். தடிமனாக இருக்கிறதே என்றார். நகத்தைக் கொடுத்துப் பிரித்தார். ஐந்துக்கு அடியில் இன்னொரு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கிளாவர் மூன்று.

இரண்டு சீட்டு சேர்ந்து வந்திருக்கிறது. திருப்பிப் போடும்போது அடியில் போனதுதான் சீட்டுக்கட்டில் மேலே இருந்தது. அதாவது முறையாக வந்திருக்க வேண்டியது மூன்று. மூன்று என்றால் நான் தோற்றேன். இதை யோசிக்க எனக்கு ஒரு நொடிதான் ஆனது. அடுத்த நொடியில் இரண்டு சீட்டையும் அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அவர் இழுக்க, நான் இழுக்க, எண்ணெய் வழுக்கி இரண்டும் தரையில் விழுந்தன. இப்போது சீட்டுக்கட்டில் எது மேலே இருந்தது என்று அண்ணாச்சிக்குத் தெரியாது. சீட்டைத் திருப்பி வைத்த கையோடு அவர் வழுக்கி, எதையும் பார்க்காமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒட்டியது எண்ணெயால், யாருடைய எண்ணெயோ அவன் தோற்றவன் என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. நான் மோந்தேன், கற்பூர வாசனை, பாய்தான் என்றேன். பாய் மோந்தார், ஓமம் வருகிறது என்றார். அண்ணாச்சி வாங்கி மோந்தார். அவர் மூக்கே வலது துளை என் எண்ணெய், இடது துளை பாயின் எண்ணெய். அதை வைத்துக்கொண்டு என்னத்தை மோப்பது? ஆனாலும் ரொம்ப நேரம் மோந்தார். பிறகு மெதுவாகத் தன் இடது கையைப் பார்த்தார், கட்டைப் பிடித்திருந்த கை. வலது கையைப் பார்த்தார், சீட்டை எடுத்த கை. இரண்டும் பளபளவென்று இருந்தன.

 கடைசியில் அண்ணாச்சி, தப்பு என் மேல்தான், ஆனால் இரண்டு பேரும் கண்ணால் பார்த்தீர்கள், சீட்டுக்கட்டில் மேலே இருந்தது எதுவென்று உண்மையைச் சொல்லுங்கள், இரண்டு பேரும் ஒரே சீட்டைச் சொன்னால் அதுதான் முடிவு என்றார்.

"அஞ்சு" என்றேன் நான். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கம் வரவில்லை.

சலீம் பாய் என்னைப் பார்த்தார். பிரித்தது அவர் விரல். அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அவர் மூன்று என்பார், சண்டை வரும், திரும்ப ஆடுவோம் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"அஞ்சுதான் அண்ணாச்சி" என்றார். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் தடை நீங்கி அண்ணாச்சி குளித்தார். நான் பெரிய அண்ணனுக்குப் போன் போட்டு, இனிமேல் முழு ஆள் என்று சொன்னேன். அவன் சரி என்று வைத்துவிட்டான். என் மனைவி மங்களேஸ்வரி மட்டும் கேசரி கிண்டினாள். பாய் ஏன் விட்டுக்கொடுத்தார் என்ற கேள்வி இரண்டு மூன்று தடவை மனசில் வந்தது. பயந்திருப்பார் என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழரை. அண்ணாச்சி கல்லில் குப்புறப் படுத்தார். எட்டு வருடத்தில் முதல் தடவையாக நான் கோட்டைத் தாண்டி இடது தோளில் கை வைத்தேன். பாய் கெடுத்து வைத்திருப்பதைச் சரிசெய்யப் பத்து நாளாவது ஆகும் என்று நினைத்துத்தான் வைத்தேன். விரல் உள்ளே போனது. பிசைந்து வைத்த மாவில் போவது மாதிரிப் போனது. தோள்பட்டைக்கு அடியில் ஒரு முடிச்சு இல்லை. இடுப்பில் ஒரு இறுக்கம் இல்லை. தொடையில் ஒவ்வொரு நரம்பும் அதனதன் இடத்தில் படுத்திருந்தது.

வலது பக்கம் திரும்பினேன். தோளுக்கடியில் நெல்லிக்காய் அளவுக்கு முடிச்சு. இடுப்பு தேங்காய் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. தினமும் தொட்ட இடம்தான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பக்கம் இல்லாததால் உடம்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சியைச் சாய்த்தது நான்தான்.

முதலில் பாய் மேல்தான் கோபம் வந்தது, ஏன் என்று கேட்காதீர்கள். அப்புறம் அந்தக் கோபம் போக இடமில்லாமல் என்மேலேயே விழுந்தது. கண் கலங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். முப்பதடி தள்ளி சலீம் பாய் தன் கல்லில் தனியாக உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆள் இல்லை. அண்ணாச்சி குறட்டை விட ஆரம்பித்திருந்தார். நான் பாயிடம் போனேன்.

"பாய், கட்டுல மேல இருந்தது மூணு."

"தெரியும்ல. பிரிச்சது நாந்தான?"

"பெறவு ஏன் அஞ்சுன்னு சொன்னீங்க?"

அவர் எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"ஒம் பக்கம் கெட்டுக் கெடக்குன்னு எனக்கு நாலு வருசமாத் தெரியும். வாயால சொன்னா நீ ஒத்துக்கிடுவியா? அடிக்க வந்துருப்ப. ஒரு தடவ எம் பக்கத்தத் தொட்டுப் பாருன்னுதான் விட்டேன்."

அடிக்கத்தான் போயிருப்பேன். வாங்க பாய் என்றேன். அண்ணாச்சி தூங்குவதால் ஒன்றும் தெரியாது, ஒரே ஒரு தடவை வலது பக்கத்தைப் பாருங்கள் என்றேன். அவர் வந்தார். அவருடைய எண்ணெயை எடுக்கவில்லை, என் கிண்ணத்திலிருந்தே தொட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். அந்த நெல்லிக்காய் முடிச்சின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தாமல் அப்படியே வைத்திருந்தார், யாரோ கதவைத் திறக்கக் காத்திருக்கிற மாதிரி. நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது எனக்குத் தெரிந்தது.

குறட்டை நின்றது. அண்ணாச்சி முகத்தைத் தூக்காமலேயே, கல்லுக்குள் பேசுவது மாதிரிப் பேசினார்.

"பரமசிவா, எட்டு வருசத்துல இன்னைக்குத்தாம்ல ஒன் கை நல்லாருக்கு."

சலீம் பாயின் விரல் நிற்கவில்லை. என்னைப் பார்த்து, பதில் சொல்லு என்பது போலத் தலையை அசைத்தார்.

"சரி அண்ணாச்சி" என்றேன்.